இருபத்தொரு நாள் நோட்டீஸ்

ட்ரிங்... ட்ரிங்...!

1996 நவம்பர். வெள்ளவத்தை வீட்டில் காலை ஏழு மணிக்கே தொலைபேசி அலறியது.

கனகேஸ்வரி எடுத்தாள்.

"அக்கா... நான் பிறிஜெற், சோப் கம்பெனியிலயிருந்து. நேற்றுக் கூட்டத்துக்கு ஏன் வரேல்ல?"

"என்ன கூட்டம்?"

"ஐயோ! தொழிற்சாலையைத் தன்ர மருமகனுக்கு விக்கிறதெண்டு சவுந்தரநாயகம் சேர் தீர்மானம் பாஸ் பண்ணிப்போட்டார்!"

செத்துப்போன கணவன் கட்டிய தொழிற்சாலை. மூன்றில் ஒரு பங்கு அவளுடையது; மீதி, இப்போது அதை நடத்தும் சவுந்தரநாயகத்தின் கையில். நாலில் மூன்று பங்கு வாக்கு வேண்டிய தீர்மானம்; அவள் வந்து எதிர்த்திருந்தால் விழுந்திருக்கும்...

அதனால்தான் அவளுக்குச் சொல்லவில்லை!

ஒன்பது மணி. கொட்டாஞ்சேனையில் தொழிற்சாலை. சவுந்தரநாயகத்தின் அறைக் கதவை அவள் தட்டவில்லை.

தள்ளினாள்!

"வாங்கோ தங்கச்சி... தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

"உங்கட நஞ்சு எனக்கு வேண்டாம்! இப்பிடித் தீர்மானத்துக்குப் பங்குக்காரருக்கு இருபத்தொரு நாள் முந்தி எழுத்தில அறிவிக்க வேணும். சட்டம்! எங்க என்ர நோட்டீஸ்?"

"தந்தனான்தானே!" ஃபைலை விரித்தார். "ஒக்டோபர் பத்து. பின்னேரம் அஞ்சு மணி. உங்கட வீட்டு வாசலில, என்ர கையால தந்தனான். இந்தா, உங்கட கையெழுத்து!"

அசல் போலவே இருந்தது...

அவள் அந்தத் திகதியில் விரலை ஊன்றினாள். ஆத்திரத்தில்!

"பத்தாந் திகதிதானோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை."

"அந்தோனியார் சத்தியமா! பிறிஜெற், நாங்கள் கதைக்கிறதை ஒரு சொல்லும் விடாமல் எழுதும். நாளைக்கு இவ கோட்டுக்குப் போவா."

மூலை மேசையில் இருந்த காரியதரிசி பிறிஜெற் எழுதினாள்.

கனகேஸ்வரி கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் அறைந்தாள்.

பொலிஸ் முத்திரை!

"ஒன்பதாந் திகதி விடிய சுற்றிவளைப்பு. என்ர வீட்டில புலி ஒளிச்சிருக்கெண்டு ஆரோ ஒரு நாய் போன் பண்ணியிருக்கு! என்னைப் பிடிச்சுக்கொண்டு போய்ப் பன்னிரண்டாந் திகதிதான் விட்டவங்கள். விட்ட கடிதம் இது, செக்பொயின்ற்றில காட்ட எப்பவும் பையிலதான் கிடக்கு. வெட்கத்தில ஒருத்தருக்கும் நான் சொல்லேல்ல!"

சவுந்தரநாயகத்தின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"அப்ப... அவங்கள் வந்தவங்களோ? நான் போன் பண்ணினது சரிவரேல்லையெண்டெல்லோ..."

வாய் பாதியில் நின்றது.

பிறிஜெற்றின் பேனா நிற்கவில்லை!

"நீயோ?" கனகேஸ்வரியின் குரல் அறையைப் பிளந்தது. "மூண்டு நாள் சீமெந்து நிலத்தில கிடந்தனான், படுபாவி! உன்ர கூட்டமும் செல்லாது, தீர்மானமும் செல்லாது!"

"தங்கச்சி... கொஞ்சம் இருந்து கதைப்பம்..."

"புதுக் கூட்டத்தில கதைப்பம். சட்டப்படி உமக்கும் இருபத்தொரு நாள் முந்தி நோட்டீஸ் வரும்."

வாசலில் நின்று திரும்பினாள்.

"எந்தச் சிறை, எத்தினையாம் நம்பர் அறையெண்டு மட்டும் பிறிஜெற்றிட்டச் சொல்லிவிடும் அண்ணை... கவரில விலாசம் எழுத வேணும்!"