அம்மாவின் அன்றாட அறிக்கை

அறிக்கையில் ஒரு வரி ரூபினிக்கு நெருடியது. 'அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தேத்தண்ணி கலக்கினார்.' அம்மாவின் பட்டர்வொர்த் வீட்டில் அவள் பொருத்தியிருந்த கருவிகளுக்குக் கதவு திறப்பது தெரியும், அடுப்பு எரிவது தெரியும், கட்டிலில் ஆள் படுப்பது தெரியும். பாட்டைக் கேட்க அங்கே எதுவுமே கிடையாது.

ஜார்ஜ் டவுன் ஹோட்டல் அரங்கில் அப்போதுதான் கைத்தட்டல் ஓய்ந்திருந்தது. கணினியை மனிதரைப்போல் எழுதவைக்கும் ஆராய்ச்சிக்காரர்களின் ஆண்டுக் கூட்டம். கருவிகள் அனுப்பும் எண்களைப் பார்த்து, தனியாக இருக்கும் தாயைப் பற்றி மகளுக்குத் தினமும் எழுதிப்போடும் ரூபினியின் நிரலுக்குத்தான் முதல் பரிசு. வாசிக்க இதமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மார்க் போடுவது இவர்கள் வழக்கம். எழுதியதெல்லாம் நடந்ததா என்று கேட்க நாதியில்லை. 'தகவல் இல்லை' என்று எழுதினால் மார்க் குறையும். அதனால் விட்டுப்போனதைத் தானாகவே நிரப்பிக்கொள்ளும்படி அவள்தான் அதைப் பழக்கினாள். அதில் பெருமை வேறு, வெட்கக்கேடு.

"ஷாருல், அம்மா வீட்டு டேட்டா கடைசியா எப்ப வந்துச்சு?"

கூட வேலை செய்யும் ஷாருல் மடிக்கணினியைத் திறந்து பார்த்தான். "போன வாரத்தோட நின்னுருச்சுக்கா. நெட் லைன் போயிருக்கும்லா. நீங்க போன் பண்ணியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

பண்ணவில்லை. அறிக்கைதான் தினமும் வருகிறதே.

உப்புக்காற்றும் டீசல் புகையும் முகத்தில் அறைய, பட்டர்வொர்த் போகும் பெர்ரிப் படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்கரையில் துறைமுகப் பாரந்தூக்கிகள் மழை மூட்டத்துக்குள் ஒவ்வொன்றாக மங்குவதைப் பார்த்தபடி அவள் அம்மாவைத் திரும்பத் திரும்ப அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நடுவில் அறிக்கை வந்தது. 'அம்மா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.'

அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை.

கதவைத் திறந்ததும் அழுகல் வாடை அடித்தது. கரண்ட் போய் ஃபிரிஜ்ஜில் மீன் கெட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஃபிரிஜ் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா?"

படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஈக்களின் இரைச்சல். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக் கட்டிலில் கிடந்தாள். கை கறுத்திருந்தது. அந்தக் கைக்குள், சார்ஜர் ஒயரோடு, போன்.

பாவி மகள், ஒரு தடவை கூப்பிட்டுப் பேசியிருக்கலாமே. ரூபினிக்கு அழக்கூட வரவில்லை.

பைக்குள் அவள் போன் அதிர்ந்தது.

'மகள் வந்துவிட்டாள். அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். மகளுக்குத் தேத்தண்ணி கலக்குகிறார்.'

அவள் கட்டிலைப் பார்த்தாள். அம்மா அசையவில்லை.

பின்னால், சமையலறையில், குவளைக்குள் கரண்டி சுற்றும் சத்தம். நிதானமாக.

கூடவே ஒரு முணுமுணுப்பு.

அம்மாவின் குரல்.