ஆண்டாயியின் கீபோர்டு

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டியபோது மேசையில் கொட்டியது முறுக்குத் தூள் இல்லை. வெளுத்து, மெலிந்து, ஓரம் சுருண்ட தோல். மலர்கொடி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"என்னங்க சார் இது?"

"முந்திரித் தோட்டு எண்ணெய் பண்ற வேலைம்மா," என்றார் கணக்கர் சிங்காரவேலு, வாயிலிருந்த வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. "சீசன்ல ஆளு பத்தாது. ஆபீஸ் பொண்ணுங்களும் ஷெட்டுக்குப் போய்க் கொட்டை உடைப்பாங்க. கையெல்லாம் உரிஞ்சு போகும். அப்புடியே வந்து டைப் அடிச்சா உதிரத்தான செய்யும்."

அதைச் சொல்ல அந்த மனிதருக்குக் கூச்சமே இல்லை. பெரம்பலூர் கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்த நாளிலிருந்து அடுத்தவர் அழுக்கில் கை வைப்பதே மலர்கொடிக்குப் பிழைப்பு. சிபியுவுக்குள் பல்லி முட்டையும் எலிப் புழுக்கையும் பார்த்தவள்தான். ஆனால் மனிதத் தோலை இதுவரை துடைத்ததில்லை.

உடையார்பாளையத்தில் இருந்த அந்த முந்திரிக் கம்பெனி தன் பழைய மெஷின்களை மாற்றப் போகிறது. அதற்கு முன் ஒவ்வொன்றையும் திறந்து மெமரியும் ஹார்டு டிஸ்க்கும் பார்த்து, அதிலேயே உட்கார்ந்து விவரத்தை அடிக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் புது மெஷின் ஆர்டர் திருச்சிக் கடைக்காரனுக்குப் போய்விடும், கூடவே உன் வேலையும் போகும் என்று கடை முதலாளி பழனிவேல் சொல்லி அனுப்பியிருந்தார். வேலை போனால் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். அப்பா அதற்காகவே காத்திருக்கிறார்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்ததுபோல் தெரிந்தது. ஆனால் நெட்வொர்க்கில் இன்னொரு மெஷின் காட்டியது.

"கடைசி ரூம்ல ஒண்ணு ஓடுதுங்களே சார்."

சிங்காரவேலு மெல்லுவதை நிறுத்தினார். "அது ஆண்டாயி மெஷினு. அந்தப் பொண்ணு வேலைக்கு வர்றதில்ல. விட்டுடு பாப்பா."

"விட முடியாதுங்க சார். என் வேலை போயிரும்."

"அப்ப வாசல்ல தட்டு இருக்கும், சாம்பல் தொட்டுக்கிட்டு உள்ள போ," என்றவர், டீ வாங்கி வருவதாகச் சொல்லி மழையில் இறங்கிவிட்டார்.

தோட்டு எண்ணெய் கையைப் பொசுக்காமல் இருக்க, ஷெட்டுப் பெண்கள் சாம்பலில் கை தோய்க்காமல் கொட்டையைத் தொட மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் இங்கே உடைக்கக் கொட்டை ஏது? அந்தத் தட்டில் எத்தனை பேர் கை பட்டதோ, சாம்பலே பிசுபிசுத்துக் கட்டிகட்டியாகக் கிடந்தது. சீ என்று காலால் ஒதுக்கிவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே சுட்ட முந்திரித் தோட்டின் காரமான புகைநாற்றமும், அதற்கடியில் ஊசிப்போன கறியின் வாடையும், ஜன்னல் சந்தில் நனைந்த சுவரின் பூஞ்சை வாடையும் ஒன்றாய்க் கலந்து தொண்டைக்குள் இறங்க, துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்விட்சைத் தேடி விளக்கைப் போட்டாள். திரை எரிந்துகொண்டிருந்தது. சிபியுவைத் திறந்தாள். தூசி இல்லை. உள்ளே எல்லாம் எண்ணெய் பூசியதுபோல் பளபளத்தது, ஃபேன் மெதுவாக, ஈரமாக மூச்சு விட்டது. மெமரியையும் ஹார்டு டிஸ்க்கையும் பார்த்துவிட்டு மூடினாள். இனி அடிக்க வேண்டியதுதான் பாக்கி.

கீபோர்டில் எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தன. பரவாயில்லை, விரலுக்குத் தெரியும். முதல் கட்டையை அழுத்தினாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

அடுத்தது அமுங்கியது. பிளாஸ்டிக் அப்படி அமுங்காது. குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு கட்டையின் ஓரத்திலும் பிறை வடிவில் வெள்ளையாக ஏதோ இருந்தது. சிலவற்றில் சிவப்புச் சாயம் பாதி உரிந்திருந்தது.

நகம்.

எழுந்து ஓடத்தான் தோன்றியது. இன்னும் ஒரே ஒரு வரி. அதை அடித்தால் போதும், வேலை தங்கும். கண்ணை மூடிக்கொண்டு, பத்து விரலையும் வைத்து, வேகமாக அடித்தாள். எரிந்தது. மிளகாய் அரைத்த கைபோல. எரிச்சல் நகக்கண்ணுக்குள் ஏறியது. எடுக்கப் பார்த்தாள்.

ஒட்டியிருந்தது.

இழுத்தாள். பலம்கொண்ட மட்டும் இழுத்தாள்.

கை வந்துவிட்டது. விரல்நுனிகள் வரவில்லை.

கத்த வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. சத்தம் மேசையிலிருந்து வந்தது. டக். டக். டக்டக். அவளுடைய பத்து நகங்களும் வரிசையாக உட்கார்ந்து, மேலும் கீழும் போய்வந்தன. திரையில் கடைசி வரி எழுத்து எழுத்தாக நிறைந்தது. பிழையே இல்லை.

கதவுக்கு வெளியே டீ டம்ளர்கள் உரசின.

"முடிச்சிட்டியா பாப்பா?" சிங்காரவேலு உள்ளே வரவில்லை. உள்ளே அடிக்கும் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டார். "ஆண்டாயியவிட வேகமால்ல அடிக்கிற."

மலர்கொடி இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முழங்கை வழியாக மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. டைப் சத்தம் நிற்கவே இல்லை.