நெகிழ்மானி

காலை ஏழு மணிக்கு விடுதி மாணவர்கள் நூற்று நாற்பது பேரும் வரிசையாக நின்று மூன்று நிமிடம் அழுதார்கள். பிறகு முகம் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனார்கள். நிலவின் தென்முனைப் பல்கலைக்கழகத்தில் திரைப்படமும் பண்பாடும் முதுகலை படிப்பவர்களுக்கு அதுதான் வருகைப்பதிவு. எதிர்ச் சுவரில் ஒரு துண்டுப் படம் ஓடும். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்திருக்கும் அரிசியளவு உணர்மணி, பார்ப்பவரின் இதயத் துடிப்பையும் வியர்வையையும் இரத்தத்தில் ஏறும் சுரப்புகளையும் கவனித்து, வாசலில் இருக்கும் நெகிழ்மானிக்கு அனுப்பும். ஐம்பதுக்கு மேல் காட்டினால் அன்றைக்கு வந்ததாகக் கணக்கு. குறைந்தால், நேரில் நின்றாலும் வராதவர்தான்.

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த ஜெசிந்தாவுக்கு அன்று முப்பத்தொன்று காட்டியது. ஐந்து மாதமாக அவளுக்கு அப்படித்தான். அவள் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. படங்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. சிலவற்றைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்வாள், சில முகங்கள் நாள் முழுதும் கூடவே வரும். ஆனால் எண் ஏறவில்லை. போகப் போக ஏறும் என்று நம்பியிருந்தாள்.

அன்று நெகிழ்மானி அவளைச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் விடவில்லை. ஒரு அறிவிப்பை வாசித்தது. மாலை நான்கு மணிக்கு இறுதி அளவீடு. அறுபதுக்குக் கீழே வந்தால் மறுநாள் கப்பலில் பூமிக்குத் திரும்ப வேண்டும். பெயர் உணர்விலிப் பட்டியலில் ஏறும்.

பட்டியல் என்ற சொல்லைக் கேட்டதும் அறிவிப்பை மறுபடி வாசிக்கச் சொன்னாள். பாலம் கட்டுவது, நோய் பார்ப்பது, வழக்குப் பேசுவது எல்லாம் இயந்திரங்களிடம் போய் எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. படம் எடுப்பதும் அவைதான், நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில். அவற்றில் எது மனிதரை உருக்கும் என்று சான்று தருவது ஒன்றே மனிதருக்கு மிச்சமிருந்த வேலை. அதனால் ஊர் ஊராக அழுகைப் பயிற்சி மையங்கள் இருந்தன. பிள்ளை கணக்குப் புத்தகத்தை விரித்தால் பெற்றோர் பிடுங்கி வைத்துவிட்டு, "படிச்சது போதும், போய்ப் படம் பாரு" என்று அதட்டினார்கள். உணர்விலி என்று பெயர் வாங்கியவருக்கு எந்த வேலையும் இல்லை. குழந்தை வளர்க்கவும் அனுமதி இல்லை.

அறைக்கு வந்தபோது அறைத்தோழி தர்ஷிகா கழிப்பறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். தினமும் வரிசைக்கு முன்னும் பின்னும் இப்படித்தான். ஆனால் எண்பத்தைந்துக்குக் குறைந்ததே இல்லை.

"சாயங்காலம் இறுதி அளவீடாம் எனக்கு," என்றாள் ஜெசிந்தா.

தர்ஷிகா வாயைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். "போன மாசம் பக்கத்து அறைப் பெடியனையும் இப்பிடித்தான் கூப்பிட்டவங்கள். நாப்பத்தி நாலு. அடுத்த நாள் கட்டில்ல ஆளில்லை."

"ஏட்டி, இப்ப எதுக்கு அதைச் சொல்லுத?"

"நீ பயமில்லாம திரியிறாய். உன்னைப் பாக்க எனக்குத்தான் பயமாக் கிடக்கு."

ஜெசிந்தா வீட்டுக்குப் பேசினாள். நிலவிலிருந்து குரல் பூமிக்குப் போக ஒன்றேகால் நொடி, பதில் வர இன்னொரு ஒன்றேகால் நொடி. அந்த இடைவெளி அன்று மட்டும் தாங்க முடியாததாக இருந்தது.

"என்னட்டி, நல்லா அழுவுதியா?" அப்பா லூர்து மச்சாதுவின் குரல் சிரிப்போடு வந்தது. "கோயிலுக்கு எதுத்தாப்புல உன் படத்தைப் பெருசா வச்சிருக்காவ. 'நிலவில் அழும் நம் செல்வம்'னு எழுதியிருக்கு. போற வாறவன்லாம் நின்னு பாக்கான்."

"யாருப்பா வைக்கச் சொன்னா?"

"நாந்தான். வேற யாரு?"

பின்னாலிருந்து அம்மா, "சாப்பிட்டாளான்னு கேளுங்க," என்றாள். ஜெசிந்தா சாப்பிட்டதாகச் சொன்னாள். அளவீட்டைப் பற்றி எதுவும் சொல்லாமல் பேச்சை முடித்தாள். தொடர்பு அறுந்த பிறகும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நான்கு மணிக்கு அளவீட்டு அறையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. சுவரோரம் மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கதவருகே ஒரு காவல் இயந்திரம் நின்றது. அதன் கையில் பூமிக்குப் போகிறவர்கள் அணியும் சாம்பல் நிறப் பயண உடை மடித்தபடி இருந்தது. கழுத்துப் பட்டையில் அவள் பெயரை முன்கூட்டியே தைத்திருந்தார்கள்.

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு ரயில் நிலையம் தெரிந்தது. யாரோ இரண்டு பேர் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஆணா பெண்ணா, கிழவர்களா இளைஞர்களா என்பதுகூட ஜெசிந்தாவின் மனதில் பதியவில்லை. பார், ஒழுங்காகப் பார் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். கண் திரையில் இருந்தது, கதவருகே அந்த உடை சரசரத்ததுதான் காதில் விழுந்தது. கோயிலுக்கு எதிரே தன் படத்தை இறக்குவது மனக்கண்ணில் தெரிந்தது. அப்பா வாசலுக்கு வராமல் உள்ளறையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நெஞ்சு அடித்த அடியில் நாற்காலியின் கைப்பிடி அதிர்ந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதுகில் வியர்வை கோடாக இறங்கியது. எவ்வளவு நேரம் ஓடியது என்றே தெரியவில்லை.

விளக்கு எரிந்தபோது மூன்று பேராசிரியர்களும் எழுந்து நின்றிருந்தார்கள்.

நெகிழ்மானி தொண்ணூற்றேழு காட்டியது.

நடுவில் நின்ற, எண்பது வயதைத் தாண்டிய பேராசிரியை சிக்ரித் தம் மொழியில் பேச, கழுத்திலிருந்த மொழிபெயர்ப்பான் அதைப் புத்தகத் தமிழில் சொன்னது: "பன்னிரண்டு ஆண்டுகளில் இது மிக உயர்ந்த அளவு. எந்தக் காட்சி தங்களை இவ்வளவு உருக்கியது?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். ஏதாவது ஒரு காட்சியைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்வதற்கு ஒரு காட்சியும் நினைவில் இல்லை.

"நான் படத்தைப் பாக்கவே இல்ல," என்றாள். "பயத்துல செத்துக்கிட்டிருந்தேன்."

அவள் அழத் தொடங்கினாள். பேராசிரியை மற்ற இருவரையும் வெளியே அனுப்பினார். காவல் இயந்திரத்தையும் அனுப்பினார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

"தெரியும்," என்றார். "இந்தக் கருவிக்கு முதன்முதலில் அளவு குறித்தபோது, நூற்றிருபது மாணவர்களை இந்த அறையில் அமர்த்தினார்கள். அவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக, தோற்றவர் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். அவர்களுடைய உடலில் அப்போது என்ன தெரிந்ததோ, அதையே நெகிழ்ச்சி என்று எழுதிக்கொண்டார்கள். அந்த நூற்றிருபது பேரில் நானும் ஒருத்தி."

"அப்ப, ஒருத்தர் நெசமாவே படத்தை ரசிச்சா எவ்வளவு காட்டும்?"

பேராசிரியை தம் காதுக்குப் பின்னால் விரலை வைத்தார். "முப்பது. முப்பத்தைந்து."

ஜெசிந்தாவுக்கு ஐந்து மாதக் காலைகளும் ஒரேயடியாக நினைவுக்கு வந்தன. "இதை வெளிய சொல்லலாமே," என்றாள்.

"சொன்னால் அறுபது ஆண்டுகளாக நாங்கள் தந்த சான்றுகள் அனைத்தும் பொய்யாகும். தங்கள் தொண்ணூற்றேழும் பொய்யாகும். முப்பத்தொன்று மட்டும் மிஞ்சும்."

ஜெசிந்தா சொல்லவில்லை. அன்றைக்கு அவளுக்கு இருந்த பயத்தில் அது முடியவில்லை. அதன் பிறகு, ஒவ்வொரு ஆண்டும் அது இன்னும் கடினமாகிப்போனது. பட்டம் வாங்கினாள். அதே பல்கலைக்கழகத்தில் துணைப் பேராசிரியை ஆனாள். எந்தப் படத்தையும் அவளால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது ஆண்டில் இறுதி அளவீட்டுக்கு மாணவர்களை அழைத்துப் போகும் பொறுப்பு அவளுக்கு வந்தது. முதலில் வந்தவள் மதுரைப் பக்கத்துப் பெண், பெயர் யாழினி. எண்கள் முப்பதுகளைத் தாண்டியதில்லை. நடைவழியில் அந்தப் பெண் துள்ளாத குறையாக வந்தாள்.

"மேடம், நேத்து காட்டுனீங்களே ஒரு படம், அதுல அந்தப் பொண்ணு கடைசில சிரிக்கும்ல. இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது மேடம். இன்னைக்கும் அந்த மாதிரிப் படமா?"

ஜெசிந்தா நின்றுவிட்டாள். அந்த முகத்தில் பயத்தின் சுவடே இல்லை. இப்படியே உள்ளே போனால் முப்பத்திரண்டு காட்டும். நாளைக் காலைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அவள் தோளைத் தொட்டு, பயப்படாதே, நன்றாகப் பார் என்று சொல்லவே ஜெசிந்தாவுக்கு ஆசையாக இருந்தது.

ஆசையை விழுங்கிக்கொண்டு குரலைக் கடுமையாக்கினாள்.

"என்ன இளிப்பு? இதுல தோத்தா உன் வாழ்க்கையே போச்சு, தெரியுதா? உங்கப்பா அம்மா வெளிய தலைகாட்ட முடியாது. ஊர்ல ஒருத்தன் உன்னை மனுசியா மதிக்க மாட்டான்."

யாழினியின் சிரிப்பு நின்றது. உதடு நடுங்கியது. கண்கள் பெரிதாயின. ஜெசிந்தா அவளைத் தள்ளாத குறையாக உள்ளே அனுப்பிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பெண்ணுக்குத் தொண்ணூற்றொன்று கிடைத்தது. மறுநாள் மதுரையிலிருந்து அவளுடைய பெற்றோர் ஜெசிந்தாவுக்குச் செய்தி அனுப்பியிருந்தார்கள். பிள்ளையின் எதிர்காலத்தில் இவ்வளவு அக்கறையுள்ள ஓர் ஆசிரியை கிடைத்தது தங்கள் பாக்கியம் என்றும், இனியும் அவளைக் கண்டிப்பாகவே நடத்த வேண்டும் என்றும் அதில் இருந்தது.