நீலப் பட்டை

"சீக்கிரம் சொல்லுடா டெரன்ஸ்! சாவியை மேசையில வெச்சிட்டு ஒருத்தி வெளியே போறா. புருஷன் அதை எடுத்து டப்பாவுல போட்டுடறான். திரும்பி வந்தா அவ எங்கே தேடுவா?"

"மேசையில. மாத்தினது அவளுக்குத் தெரியாதுல்ல?"

"அப்பாடா!" ஹெலன் தம்பியின் காலரைச் சரிசெய்தாள். ஆஸ்பத்திரிச் சோதனை அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. அது பச்சையாவதற்குள் மீதிக் கேள்விகளையும் அவன் மண்டையில் ஏற்றியாக வேண்டும். ஜன்னலுக்கு வெளியே, துறைமுகத்தில் தீவுப் படகு சங்கு ஊதியது.

உள்ளமானி வந்த பிறகு ஊரே மாறிப்போயிருந்தது. எதிராளி பேசும்போது உங்கள் நரம்பு துடிக்கிற விதத்தை வைத்தே, அவர் மனசு உங்களுக்கு எவ்வளவு பிடிபடுகிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போட்டுவிடும். ஐம்பதுக்குக் கீழே வாங்கினால் பஸ் ஓட்ட முடியாது, பெண் கேட்டுப் போக முடியாது. டெரன்ஸ் போன்ற மனச்சிதைவு நோயாளிகள் அப்படி வாங்கினாலோ வீடே கிடையாது. தீவு இல்லம்தான். அங்கிருந்து திரும்பியவர் எவருமில்லை.

டெரன்ஸுக்கு உலகத்தில் மிச்சம் அக்கா ஒருத்திதான்.

"அக்கா, அந்தப் பட்டையைக் கழட்டிடேன்."

ஹெலன் மணிக்கட்டைப் பார்த்தாள். "இதுவா? வாசல்ல கட்டிவிட்ட அனுமதிப் பட்டைடா."

"நான் பேசறப்பல்லாம் நீலமா மினுங்குது. அவங்க உன்னைத்தான் பாக்கறாங்க."

மின்விசிறி ஒட்டுக் கேட்கிறது என்று அவன் அலறிய நாட்களும் இப்படித்தான் ஆரம்பித்தன.

"ஆரம்பிச்சிட்டியா? மாத்திரை போட்டியா இல்லையா?"

"போட்டேன். நான் சொல்றதைக் கொஞ்சம் கேளேன்..."

"உள்ளே போய் இதை உளறினா தீவுதான்! வாயை மூடு. அடுத்த கேள்வி..."

அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் அடுத்தடுத்துக் கேள்விகளை அடுக்கினாள். கிணற்று விளிம்பில் நிற்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விளக்கு பச்சையானது. டாக்டர் மாசிலாமணி வெளியே வந்தார். ஹெலன் பாய்ந்தாள்.

"டாக்டர், இவனுக்குக் காலையிலேர்ந்து காய்ச்சல். சோதனையை இன்னொரு நாள்..."

"இவருக்கு எதுக்கும்மா சோதனை? போன வாரம் மாத்திரை வாங்க வந்தப்பவே முடிஞ்சுதே. எழுபத்தொண்ணு. என்னைவிட அதிகம்."

ஹெலன் சிரித்தேவிட்டாள். "அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா?"

டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பட்டையை அவிழ்த்தார்.

"புதுச் சட்டம்மா. கூட இருக்கப் போறவங்களுக்கு நோயாளியோட மனசு புரியுதான்னும் பாத்துத்தான் வீட்டுக்கு அனுப்பணும். முன்கூட்டியே சொன்னா நடிச்சிடறாங்க. இந்த அறைதான் சோதனைக்கூடம். இன்னிக்கு அளந்தது உங்களை."

பட்டையின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். பத்தொன்பது.

"அப்ப... இவன்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். சங்கு மறுபடி ஊதியது. டெரன்ஸ் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தான்.

"அழாதக்கா. நீ வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும்."

ஹெலன் அவன் முகத்தையே பார்த்தபடி, முதல்முறையாக, ஒரு சொல் விடாமல் கேட்டாள். அதை அளக்கத்தான் கையில் பட்டை இல்லை.