ஒரு முறை கூப்பிட்டால்

விக்லோனித் தீவு கண்ணில் பட்டதும் படகு இரண்டு முறை ஊத வேண்டும். அந்தக் கடலில் அது வழக்கம். அன்றைக்கு ஒரு முறைதான் ஊதியது. இரண்டாவது முறை கப்டன் யாகுமிஸ் கயிற்றை இழுத்தபோது, சளி கட்டிய தொண்டையிலிருந்து வருவது போல ஒரு சீறல் மட்டும் வந்து அடங்கிவிட்டது. மறுபடி இழுத்துப் பார்த்தார். வெறும் காற்று. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படகைத் துறைக்குத் திருப்பினார்.

பாந்தெலிஸ் பூசணி விதையைப் பல்லிடுக்கில் வைத்து உடைத்தபடி சிரித்தான். "உங்க ஊரு படகுக்கும் தொண்டை கட்டிக்கிச்சு, வக்கீலம்மா. அதுக்கும் பயம் போல."

"ஊரு எங்க அம்மாவோடது. எனக்கு அங்க ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத ஊருக்கு எதுக்கு இந்த வெயில்ல என்னை இழுத்துட்டுப் போறே?"

எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசுகிறாள் என்று கல்யாணமான முதல் வாரத்திலேயே அவளுக்கு அந்தப் பட்டத்தைக் கட்டிவிட்டான். ஸ்தமாத்தா என்ற அவள் பெயர் அவன் வாயில் வந்தால் ஒன்று கோபமாக இருப்பான், இல்லை எங்கேயாவது அடிபட்டிருப்பான். இப்போது விதைப் பொட்டலத்திலிருந்து வழக்கம் போல முதல் பிடியை அவள் உள்ளங்கையில் கொட்டிவிட்டு, அடுத்ததைத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

எதற்கு வந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். விக்லோனிக்காரர்கள் முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொல்ல மாட்டார்கள். செத்தவர்கள் ஒரு முறைதான் கூப்பிடுவார்களாம். உயிரோடு இருப்பவன் என்றால் மறுபடி கூப்பிடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கும். படகு இரண்டு முறை ஊதுவதும் அதற்காகத்தான். அந்த ஊரில்தான் ஒரு மத்தியானம் அவளுடைய அப்பா வீட்டு முற்றத்து மழைநீர்த் தொட்டிக்குள் விழுந்தார். மனைவியின் பெயரை ஒரு முறை கூப்பிட்டார். அடுப்படியில் நின்ற அம்மா, கரண்டியைக் கையில் பிடித்தபடி இரண்டாவது குரலுக்காகக் காத்திருந்தாள். இரண்டாவது குரலுக்கு அவரிடம் மூச்சு இல்லை.

பிறகு ஊர் காலியானது, அம்மாவும் அவளும் பிரேயஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அம்மா மட்டும் கடைசி வரை முதல் கூப்பாட்டுக்குத் திரும்பியதில்லை. இந்த வசந்தத்தில் அவள் போய்ச் சேர்வதற்கு முன் சொன்னதும் அதுதான்: "அங்க போகாதே. போனாலும் வாயைத் திறக்காதே." அழுகை வரவில்லை ஸ்தமாத்தாவுக்கு, ஆத்திரம்தான் வந்தது. அந்த முற்றத்தில் நின்று வாயைத் திறக்கத்தான் இப்போது வந்திருக்கிறாள்.

"என்னை யாராவது கூப்பிட்டா நான் பாதிப் பேருலயே 'இதோ வந்துட்டேன்'னுடுவேன்," என்றான் பாந்தெலிஸ். "பேயா இருந்தாலும் மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

படகில் கூட வந்தவர்கள் எல்லோரும் கோடையில் மட்டும் திறக்கும் துறையோரத்துச் சாப்பாட்டுக் கடை நிழலில், சுட்ட கணவாயும் ஊசோச் சாராயமுமாக உட்கார்ந்துவிட்டார்கள். இவர்கள் இருவர்தான் பழைய ஊர் இருந்த கோட்டைக்குப் படியேறினார்கள். வெயில் தலையில் கல்லை வைத்தது போல அழுத்தியது. காட்டுத் தைலச்செடியின் வாசனையும் காய்ந்த ஆட்டுப் புழுக்கையின் வாசனையும் மாறி மாறி வந்தன. சில்வண்டுகளின் சத்தம் இடைவெளியில்லாமல் காதுக்குள் அரைத்துக்கொண்டே இருந்ததில், கொஞ்ச நேரத்தில் அது வெளியே கேட்கிறதா, தன் மண்டைக்குள் கேட்கிறதா என்பது அவளுக்குப் புரியாமல் போனது. பாதி வழியில் கூரை பிழைத்திருந்த ஒரு சின்னக் கோயிலைப் பார்த்ததும் பாந்தெலிஸ் உள்ளே நுழைந்து கல்பெஞ்சில் நீட்டிப் படுத்துவிட்டான்.

"போய் உன் வழக்கை நடத்திட்டு வா. படகு கிளம்பறப்ப எழுப்பு." வைக்கோல் தொப்பியை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டான்.

மேலே, அப்பாவின் வீட்டுக்குக் கூரை இல்லை. அடுப்படிச் சுவர் மட்டும் கரி படிந்து நின்றது. முற்றத்து நடுவில் தொட்டியின் வாய், அதன் மேல் ஒரு அத்திமரம் சாய்ந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டிக்குள் இறங்கும் கல்படிகள். அவள் நினைத்திருந்ததைவிட எல்லாமே சின்னதாக இருந்தது. அம்மா நின்ற இடத்திலிருந்து தொட்டி இவ்வளவு பக்கத்திலா! எட்டி நடந்தால் போய்விடலாம். ஒரு வழக்கத்துக்காக ஒரு மனிதனைச் சாகவிட்ட ஊர். பாழாய்ப் போனது சரிதான் என்று வாய்விட்டே சொன்னாள்.

சில்வண்டுகள் நின்றன.

ஒவ்வொன்றாக ஓயவில்லை. ஒரே நேரத்தில் நின்றன. அத்தி இலைகூட அசையவில்லை. தொட்டிக்குள்ளிருந்து பாசி வாசனை ஏறி வந்தது. பல வருடமாக வறண்டு கிடக்கும் தொட்டியிலிருந்து, ஈரமான பாசி வாசனை.

"ஸ்தமாத்தா."

பாந்தெலிஸின் குரல். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. கீழேயிருந்து.

ஒரே முறை.

உடம்பு தானாகவே இறுகியது. உதடு ஒட்டிக்கொண்டது. அம்மாவின் உடம்பு தனக்குள் நின்று காத்திருப்பது போல இருந்தது. இன்னொரு முறை கூப்பிடு. கூப்பிடேன். கூப்பிடு, மடையா.

சத்தமே இல்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். அப்படியானால் அடிபட்டிருக்கிறது. பயத்துக்கு மேல் அந்தப் பழைய ஆத்திரம் வந்து ஏறிக்கொண்டது. நான் என் அம்மா இல்லை.

"இதோ இருக்கேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "இதோ வரேன்!"

சுவரைச் சுற்றி ஓடினாள். அவன் படியேறி வந்துகொண்டிருந்தான். நெஞ்சு வரை நனைந்திருந்தான். தலையில் தொப்பி இல்லை.

"கால் வழுக்கிடுச்சு," என்றான்.

அவள் அவனைத் திட்டினாள், அடித்தாள், கட்டிக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் அப்போது நினைத்தாள். அம்மாவை, ஊரை, எல்லாவற்றையும். சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் வெயிலிலும் குளிர்ந்திருந்தது. வறண்ட தொட்டியில் ஏது தண்ணீர் என்று கேட்க வாயெடுத்தவள், முந்தாநாள் மழை பெய்திருக்கும் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

இறங்கும்போது அவன் ஒரு கேலியும் பேசவில்லை. கோயிலருகில் அவள் நின்றாள். "உன் தொப்பி உள்ள இருக்கும். எடுத்துட்டு வரேன்."

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "நேரமாச்சு."

கோயிலுக்குள்ளிருந்து மெதுவான ஒரு சத்தம் வந்தது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. இருபது வருடமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்ட குறட்டை மாதிரியே இருந்தது. தேனீக்கள் என்று சொல்லிக்கொண்டாள். கோயில் உத்தரத்தில் தேனடை கட்டியிருக்கும். தேனீக்கள்தான்.

படகில் விதைப் பொட்டலத்தை எடுப்பான் என்று பார்த்தாள், எடுக்கவில்லை. தன் பையில் ஒட்டியிருந்த நாலு விதையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், அதை என்ன செய்வது என்று தெரியாதவன் போல. கையை அவள் மணிக்கட்டிலிருந்து எடுக்கவே இல்லை.

படகு ஊதியது. ஒரு முறை. துறையை விட்டு விலகியது.

"வக்கீலம்மா!"

கரையிலிருந்து.

"வக்கீலம்மா! அடியே, என்னை விட்டுட்டு எங்க போறே? வக்கீலம்மா!"

துறையின் விளிம்பில் நின்று, வைக்கோல் தொப்பியை வீசி வீசிக் குதித்துக்கொண்டிருந்தான். தூக்கத்தில் கசங்கிய சட்டை, காய்ந்த சட்டை. அவளுடைய பாந்தெலிஸ்.

மணிக்கட்டை இழுத்தாள். வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்ததையும் சேர்த்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சுக்கானுக்குப் போனாள். "திருப்பு, கப்டன்! என் புருஷன் கரையில நிக்கறான்!"

யாகுமிஸ் திரும்பவில்லை. "கரையைப் பார்க்காதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் பக்கத்துலதானே நிக்கறாரு."

"அவன் திரும்பத் திரும்பக் கூப்பிடறான்யா! செத்தவன் ரெண்டு தடவை கூப்பிடுவானா? உங்க ஊரு சட்டம்தானே அது!"

"இன்னிக்கு நான் ரெண்டு தடவை ஊதலம்மா." கிழவர் சுக்கானை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "இனிமே எந்தக் குரலையும் நான் நம்ப மாட்டேன்."

படகிலிருந்த எல்லோரும் தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோழைகள். அம்மாவைப் போலவே, கையில் கரண்டி மட்டும்தான் இல்லை.

பக்கத்தில் நின்றதன் முகத்தை இப்போதுதான் நேராகப் பார்த்தாள். காது மடலிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு வெயிலிலும் காயவில்லை.

"நீ யாரு?"

"நீதானே பதில் சொன்னே," என்றது, அவன் குரலில்.

"சொன்னேன். மறுபடியும் சொல்லுவேன். உனக்கில்ல!" படகின் ஓரக் கம்பியில் ஏறி நின்றாள். ஒரு கையை அது பிடித்திருந்தது, பிடித்துக்கொள்ளட்டும். "பாந்தெலிஸ்! இங்க இருக்கேன்! வரேன்! பாந்தெலிஸ்!"

கேட்டுவிட்டது அவனுக்கு. தொப்பி வீசுவதை நிறுத்தினான். சிரித்தான்.

அப்போது கோட்டைப் படியிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. அவளுடைய குரல்.

"பாந்தெலிஸ்."

ஒரே முறை.

"பதில் சொல்லாதே!" அம்மாவின் வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. "பேசாதே! நான் இங்க இருக்கேன்! பதில் சொல்லாதே!"

பாதிப் பெயரிலேயே பதில் சொல்கிறவன் அவன்.

"இதோ வந்துட்டேன்!" என்றான்.

காற்று அதைத் தெளிவாகக் கொண்டுவந்து சேர்த்தது. அவன் கடலுக்கு முதுகைத் திருப்பினான். படியில் ஒருத்தி இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஸ்தமாத்தா காலையில் போட்டுக்கொண்டு வந்த அதே மஞ்சள் உடை. விளிம்பிலிருந்து சொட்டிய நீர் வெள்ளைக் கல்லில் கறுப்பாகப் படிந்தது.

ஸ்தமாத்தா நிறுத்தவில்லை. பாந்தெலிஸ். மறுபடி. பாந்தெலிஸ். மறுபடி. குரல் உடைந்தது, உடைந்த குரலில் கூப்பிட்டாள். உயிரோடு இருப்பவள் அப்படித்தான் கூப்பிடுவாள். மூச்சு இருக்கிற வரை கூப்பிடுவாள்.

அவன் திரும்பவில்லை. மஞ்சள் உடைக்காரி கையை நீட்டினாள். அவன் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, வழக்கம் போல, முதல் பிடி விதையை அவள் ஈர உள்ளங்கையில் கொட்டினான்.