மார்பில் விழுந்த கைகள்

"புருஷன் பிறந்தநாளும் அதுவுமா, பொம்மை நெஞ்சைக் குத்தப் போறாளாம்! வெட்கமா இல்லையாடி உனக்கு?"

மாமியார் ஒக்புன் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். மிரான், பிறந்தநாளுக்கென்று வைத்த கடற்பாசி சூப்பைக் கணவன் தேசோப்பின் முன் வைத்தாள். அவள் அப்பா தேகு நகரச் சந்தையில் சுருண்டு விழுந்து உயிரைவிட்டபோது, சுற்றி நின்ற ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளுக்கும்தான். அதனால்தான் சில வாரங்களாக, பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பழகும் இந்த முதலுதவி வகுப்பு. இதை இந்த வீட்டில் யாரிடம் சொல்ல?

"விடும்மா... போய்ட்டு வரட்டும்" என்றபடி தேசோப் கரண்டியை எடுத்தான். மறுகணம் நாற்காலியோடு சாய்ந்தான்!

பேச்சில்லை. விக்கல் போல ஓர் இழுப்பு... அப்புறம் மூச்சே இல்லை.

மிரான் ஆம்புலன்ஸை அழைத்து, போனைத் தரையில் வைத்துவிட்டு, அவன் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஊன்றி அழுத்தத் தொடங்கினாள். உள்ளே ஏதோ 'மடக்'கென்று முறிந்தது.

"ஐயோ! என் பிள்ளையைக் கொல்றாளே!" ஒக்புன் அவள் கூந்தலைப் பற்றி இழுத்தாள்.

மிரானின் கைகள் நிற்கவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து உயராத குரல் உயர்ந்தது.

"முடியை விடுங்க அத்தை! கீழே காவலாளி ரூம் வாசல்ல நின்ன நெஞ்சுக்கு ஷாக் கொடுக்கிற பெட்டி இருக்கு. உங்க பிள்ளை வேணும்னா ஓடுங்க!"

ஒக்புன் கூந்தலை விட்டாள். பிறகு வெறுங்காலோடு ஓடினாள். மூச்சிரைக்கப் பெட்டியைக் கொண்டுவந்தாள். மிரான் அவன் சட்டையைக் கிழித்து, பெட்டியிலிருந்த பட்டைகளை மார்பில் ஒட்டினாள்.

"நோயாளியைத் தொடாதீர்கள்" என்றது பெட்டி. ஒக்புனோ மகனின் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். மிரான் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். தேசோப்பின் உடல் தூக்கிப்போட்டது. மறுபடி கைகளை ஊன்றினாள்... ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே நுழைந்தபோது அவன் முனகிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள் அவன் தங்கை ஹேஜின்.

"அண்ணன் விலா எலும்பை முறிச்சிட்டீங்களாமே! அம்மாவை வேற தள்ளிவிட்டீங்களாமே! நீங்க மனுஷியா அண்ணி?"



"வாயை மூடுடி!" ஒக்புனின் குரல் வராந்தாவையே அதிரவைத்தது. "இவ கையை எடுத்திருந்தா உங்க அண்ணன் இந்நேரம் பிணவறையில கிடப்பான்னு டாக்டரே சொல்றாரு. என்னைத் தள்ளாம இருந்திருந்தா... பெத்த நானே அவனுக்குக் குறுக்கே விழுந்து கிடந்திருப்பேன்டி!"

ஒக்புன் மருமகளிடம் வந்து, அவள் தலையைத் தடவினாள்.

"கொத்தா முடியைப் பிடிச்சு இழுத்தேனே பாவி... வலிச்சுதா தாயி?"

"அப்பத் தெரியல அத்தை... இப்பத்தான்... வலிக்குது..."

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாத மிரான், மாமியாரின் தோளில் முகம் புதைத்து, வாய்விட்டு அழுதாள்.