மூடாத கல்பெட்டி

எகிப்தில், சக்காராவின் பழைய கல்லறை மேட்டு ஓரத்து அந்தத் தெருவில் எருமைக் கொட்டிலுக்கு அடியில் தோண்டாத வீடு குறைவு. புதையல் ஆசை யாரை விட்டது? ரிஃபாத்தும் அவன் தம்பி ஷாக்கிரும் மதியத் தொழுகை முடிந்ததும் எருமையை வெளியே கட்டிவிட்டு, வழக்கம்போல் குழிக்குள் இறங்கினார்கள். ரிஃபாத்தின் மனைவி நக்வா அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

அன்று குழியின் அடிச்சுவர் உடைந்தது. உள்ளே ஓர் அறை, அதன் நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு கல்பெட்டி. பெட்டியின் மூடி மூடப்படாமலே நான்கு மரக்கட்டைகளின்மேல் நின்றது. கட்டைகளின் அடிப்பகுதி இருபுறமும் மணல் நிரம்பிய பள்ளங்களில் புதைந்திருந்தது.

"அந்தக் காலத்து ஆளுங்க மூளையப் பாத்தியாடா? மணல அள்ள அள்ள கட்டை தானா இறங்கும். இம்மாம் பெரிய மூடி அலுங்காம வந்து உக்காந்துக்கும்" என்றான் ரிஃபாத்.

"அப்புறம் ஏண்ணே அள்ளாம விட்டுட்டாங்க?"

"அவங்களத்தான் கேக்கணும். நீ மணல்ல கை வெச்சுத் தொலைச்சிடாத."

ரிஃபாத் விளக்கோடு மூடிக்கடியில் ஊர்ந்து பெட்டிக்குள் இறங்கினான்.

விளக்கு அணைந்தது.

ஷாக்கிரின் மூக்கில் பழைய எண்ணெய் வாடை ஏறியது.

"தம்பி…" அண்ணன் குரல்தான். "வெளிய வந்துட்டேன்டா, கட்டைக்கடியில பள்ளத்துல கால் மாட்டி நசுங்குது. மணல அள்ளு."

"நீதானே தொடாதேன்ன?"

"அள்ளுடா. உயிர் போகுது."

அண்ணன் உயிரைவிட எது பெரிது? ஷாக்கிர் இரண்டு கையாலும் வாரி இறைத்தான்.

கல் இறங்கியது.

"எவன்டா மணல்ல கை வெச்சது? டேய் ஷாக்கிர்!" பெட்டிக்குள்ளிருந்து அலறல் கேட்டது.

பதறிப்போய் மணலைத் திரும்பக் கொட்டினான். மணலுக்கு இறக்கத்தான் தெரியும், ஏற்றத் தெரியாது. மூடி சத்தமே இல்லாமல் பொருந்திக்கொண்டது.

ஷாக்கிர் கதறிக்கொண்டே மேலே ஏறினான். "அண்ணி! ஆளக் கூப்பிடுங்க! அண்ணன் கீழ மாட்டிக்கிட்டாரு!"

நக்வா மாவுக் கையோடு வந்து அவன் வாயைப் பொத்தினாள். "கத்தாதீங்க தம்பி. அவரு இப்பத்தான் வந்து படுத்தாரு. கண்ணே இமைக்க மாட்டேங்கிறாரு. எனக்குப் பயமா இருக்கு."

கட்டிலில் ரிஃபாத் மல்லாந்து கிடந்தான், கைகள் நெஞ்சின்மேல் குறுக்காக.

தரைக்கடியில் யாரோ தட்டினார்கள்.

கட்டிலில் கிடந்தவன் மெல்லத் தலையைத் திருப்பினான்.

"அவன் கிடக்கட்டும் தம்பி" என்றது அண்ணன் குரல். "மூடாத பெட்டியில நான் எத்தன காலம் முழிச்சுக் கிடந்தேன்."

ஷாக்கிர் கடப்பாரையை எடுக்கக் கொட்டிலுக்கு ஓடினான். அவன் போய்ச் சேருமுன், குழிக்குள் மணல் தானாகவே சரிந்து வழியை மூடத் தொடங்கியிருந்தது.